நான் கேட்காமல் விட்ட லைசென்ஸ் நம்பர்

2023 மே மாதம், ஒரு சனிக்கிழமை. தபால் பெட்டியைத் திறந்தால் கோர்ட் முத்திரையோடு ஓர் உறை. கூடவே, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய பதிவுத் தபால் ஒன்று வந்திருப்பதாகத் தபால்காரர் விட்டுப்போன சீட்டு. திங்கட்கிழமை தபால் நிலையத்துக்குப் போய் வாங்கினால் அதிலும் அதே காகிதம்தான். நியூ ஜெர்சியில் 20,000 டாலர் வரையிலான வழக்குகளுக்குச் சம்மன் இப்படித்தான் இரட்டையாக, சாதாத் தபாலில் ஒன்றும் பதிவுத் தபாலில் ஒன்றுமாக வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் கிரெடிட் கார்டு வாங்கிய வங்கி என் மேல் வழக்குப் போட்டிருந்தது. கேட்ட தொகை 16,800 டாலர். பதில் தாக்கல் செய்ய 35 நாள்.

எட்டு மாதமாக "உங்கள் கடனை நாங்கள் பேசி முடிக்கிறோம், நீங்கள் நிம்மதியாக இருங்கள்" என்று சொன்ன ஒரு டெப்ட் செட்டில்மென்ட் கம்பெனிக்கு நான் மாதம் 640 டாலர் கட்டிக்கொண்டிருந்தேன். சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களைத்தான் முதலில் அழைத்தேன். "அதை ஸ்கேன் செய்து அனுப்புங்கள், எங்கள் லீகல் டீம் பார்க்கும்" என்றார்கள். அனுப்பினேன். பத்து நாள் பதிலே இல்லை.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு மாநில லைசென்ஸ் எதற்கு, அது வெறும் சிவப்பு நாடா, எடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சு திரும்பத் திரும்ப எழுகிறது. அந்த லைசென்ஸ் சட்டம் இருந்ததால்தான் போன பணத்தில் பெரும்பகுதி எனக்குத் திரும்பி வந்தது. அதனால் நடந்ததை முதலிலிருந்தே எழுதுகிறேன்.

கடன் எப்படி ஏறியது என்பதில் புதுமை ஒன்றும் இல்லை. 2021 டிசம்பரில் விருதுநகரில் அப்பா தவறிவிட்டார். நெவார்க்கிலிருந்து நாலு பேருக்கு மறுநாள் டிக்கெட், காரியச் செலவு, எல்லாம் கார்டில். 2022 ஜூனில் என் கான்ட்ராக்ட் முடிந்தது. மருத்துவ இன்ஷூரன்ஸைச் சொந்தக் காசில் தொடர்ந்தோம். ஆகஸ்டில் வேறு வேலை கிடைத்தது, சம்பளம் குறைவு. அதற்குள் நாலு கார்டுகளில் 14,200, 11,600, 8,500, 4,100. மொத்தம் 38,400 டாலர். வட்டி 24 சதவீதத்துக்கு மேல். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் அசல் அசையாது.

அந்த நேரத்தில்தான் தபாலில் அந்தக் கடிதம் வந்தது. அரசாங்கக் கடிதம் போலவே இருக்கும். என் பெயர், கடன் தொகை ஏறக்குறைய சரியாக, ஒரு "ஃபைல் நம்பர்", ஒரு கடைசித் தேதி. அழைத்தேன். பேசியவர் மிகவும் தன்மையாகப் பேசினார். அப்பா இறந்ததைச் சொன்னபோது தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். நான் வளர்ந்த ஊரில் கடன் முற்றிப்போனால் ஒரு பெரிய மனிதரை நடுவில் வைத்துப் பேசித்தான் தீர்ப்பார்கள். கடைவீதியில் எங்கள் பெரியப்பா அப்படி எத்தனையோ பேருக்குப் பேசி முடித்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இவரும் அந்த மாதிரி ஆளாகத்தான் தெரிந்தார். பெரியப்பா கூலி வாங்கியதில்லை என்பதும், கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அவரைத் தெரியும் என்பதும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

அவர்கள் சொன்ன வழி இது. இன்றிலிருந்து எந்தக் கார்டுக்கும் பணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தை எங்கள் ஏற்பாட்டில் உள்ள தனிக் கணக்கில் போடுங்கள். பணம் சேர்ந்ததும் வங்கிகளோடு பேசிப் பாதிக்கு முடிக்கிறோம். 48 மாதத்தில் கடன் தீரும்.

ஒரு வியாழக்கிழமை மாலை வீட்டுக்கு நோட்டரி ஒருவர் வந்தார். சமையலறை மேஜையில் டேப்லெட்டை வைத்தார். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நாற்பது பக்கம் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் மஞ்சள் கட்டம், அதில் விரலால் கையெழுத்து. என் மனைவி, "ஏங்க, ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடலாமே" என்றாள். "ஆள் காத்துக்கிட்டு நிக்கிறாரு" என்றேன். மூன்றாவது பக்கத்தில் ஒரு சந்தேகம் கேட்டதற்கு நோட்டரி, தான் கையெழுத்து வாங்க மட்டுமே வந்திருப்பதாகவும், கேள்வி இருந்தால் ஆபீஸுக்கு அழைக்கும்படியும் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. 25 நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

அந்த 25 நிமிடத்துக்கு என்ன அர்த்தம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நுகர்வோரை ஏமாற்றும் வியாபாரங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2010இல் ஒரு விதி கொண்டுவந்தது. அந்த அக்டோபர் 27 முதல், தொலைபேசி வழியாகக் கடன் தீர்க்கும் சேவையை விற்பவர்கள் முன்பணம் வாங்கக் கூடாது. குறைந்தது ஒரு கடனையாவது பேசி முடித்து, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டு, வங்கிக்கு ஒரு தவணையாவது போன பிறகுதான் கட்டணம் எடுக்கலாம். நல்ல விதி. அதற்கு முந்தைய நிலைமையை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ சோதித்துப் பார்த்திருக்கிறது. கடன்பட்டவர்கள் போல நடித்து 20 கம்பெனிகளை அழைத்ததில் 17 கம்பெனிகள், கடன் எதையும் தீர்ப்பதற்கு முன்பே கட்டணம் எடுப்போம் என்று சொல்லியிருக்கின்றன. அதைத் தடுக்க வந்த விதிதான் இது. ஆனால் அதில் ஒரு விலக்கு உண்டு. நேருக்கு நேர் உட்கார்ந்து விளக்கிய பிறகே விற்பனை முடிகிறது என்றால், அது தொலைபேசி விற்பனைக் கணக்கில் வராது. எங்கள் வீட்டுக்கு நோட்டரி வந்தது அந்த "நேருக்கு நேர்" என்ற கட்டத்தில் டிக் போடத்தான். ஒப்பந்தத்தில் கம்பெனியின் பெயரோடு வெளிமாநிலச் சட்ட அலுவலகம் ஒன்றின் பெயரும் இருந்தது. மாதாமாதம் எடுத்த பணத்துக்கு "லீகல் ஃபீ" என்று பெயர்.

இப்போது கணக்கு. எட்டு மாதம் 640 வீதம் நான் போட்டது 5,120 டாலர். லீகல் ஃபீ மாதம் 310 வீதம் 2,480. கணக்குப் பராமரிப்புக்கு 80. மீதி 2,560. சரிபாதி போய்விட்டது. நாலு கார்டில் ஒன்றைக்கூட அவர்கள் பேசி முடிக்கவில்லை. 14,200ஆக இருந்த கடன் வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து 16,800 ஆகிக் கோர்ட்டில் நின்றது.

ஒப்பந்தத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். அவர்களின் மொத்தக் கட்டணம் சேர்த்த கடனில் 25 சதவீதம், அதாவது 9,600 டாலர். எனக்கு மிச்சப்படுத்தும் தொகையில் 25 சதவீதம் என்றுதான் நான் புரிந்துவைத்திருந்தேன். 48 மாதத்தில் நான் போடப்போவது 30,720. அதில் 9,600 அவர்களுக்குப் போனால் வங்கிகளுக்கு மிஞ்சுவது 21,120. கட்டாமல் விடும் ஒவ்வொரு மாதமும் கடன் வளர்ந்துகொண்டே இருக்கும்போது அந்தப் பணத்துக்கு எத்தனை கார்டு தீரும்? தாளும் பேனாவும் எடுத்து இந்தக் கழித்தலை முதல் நாளே போட்டிருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

இதற்கிடையில் தொலைபேசி. வசூல் ஏஜென்சிகள் ஒரு கடனுக்கு ஏழு நாளில் ஏழு முறைக்கு மேல் அழைக்கக் கூடாது என்று 2021 நவம்பரிலிருந்து ஒரு விதி இருக்கிறது. ஆனால் கடன் கொடுத்த வங்கியே நேராக அழைத்தால் அந்தக் கணக்குப் பொருந்தாது. ஆபீஸில் மீட்டிங்கில் இருக்கும்போது பாக்கெட்டில் போன் அதிர்ந்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

எங்கள் பக்கத்தில் தமிழர்கள் நிறைய. ஆனாலும் கடனைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டோம். வார இறுதி வாலிபால், பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி என்று எல்லா இடத்திலும் பார்த்துக்கொள்வோம், வீட்டுக் கடன் வட்டி விகிதம் வரை பேசுவோம், கார்டு கடனை மட்டும் மூச்சு விட மாட்டோம். சம்மன் வந்து இரண்டு வாரம் கழித்து, வாலிபால் முடிந்து காரில் ஏறும்போது, மூத்தவர் ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. "தம்பி, 2009ல நானும் இதுல மாட்டுனவன்தான். திங்கக்கிழமை லாப நோக்கமில்லாத கிரெடிட் கவுன்சிலிங் ஆபீஸுக்குப் போங்க. நான் அங்கதான் கட்டி முடிச்சேன்" என்றார். இரண்டு வருடமாக வாரம் தவறாமல் பார்க்கும் மனிதர் அவர்.

அந்த ஆபீஸில் நான் பார்த்த கடன் ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண்மணி. முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. என் காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்தக் கம்பெனிக்கு நியூ ஜெர்சியில் லைசென்ஸ் இருக்கிறதா?" அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். மாநில வங்கி மற்றும் காப்பீட்டுத் துறையின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தட்டினார். வரவில்லை. சட்ட அலுவலகத்தின் பெயரைத் தட்டினார். அதுவும் வரவில்லை. பிறகு தன் அமைப்பின் பெயரைத் தட்டினார். லைசென்ஸ் நம்பரோடு வந்தது.

நியூ ஜெர்சியின் சட்டம் 1979இல் வந்தது. கடன் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் நடுவில் நின்று, பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் அல்லது பேசிக் குறைக்கும் தொழிலை இங்கே லாப நோக்கமற்ற அமைப்புகள்தான் செய்யலாம். அவையும் லைசென்ஸ் வாங்கி, ஜாமீன் பத்திரம் கட்டி, கணக்குக் காட்ட வேண்டும். மாதக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, 25 டாலர். மற்றவர்கள் செய்தால் அது நான்காம் நிலைக் குற்றம், 18 மாதம் வரை சிறை. வழக்கறிஞர்களுக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் அவர் இந்த மாநிலத்து வழக்கறிஞராக இருக்க வேண்டும், இதையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கக் கூடாது. என் ஒப்பந்தத்தில் இருந்த அலுவலகம் இந்த இரண்டிலும் தேறவில்லை.

அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோபம் வந்தது. பெரும்பாலும் என் மேல்தான். ஆனால் ஏமாந்துவிட்டேன் என்ற கூச்சம் அன்றோடு போயிற்று. இவர்கள் செய்தது தப்பு என்று மாநிலம் எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே எழுதிவைத்திருக்கிறது. நான் வாதாடி நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை. லைசென்ஸ் இல்லை என்ற ஒரு வரி போதும்.

அடுத்து மூன்று கடிதம் எழுதினேன். முதல் கடிதம் அந்தத் தனிக் கணக்கை வைத்திருந்த நிறுவனத்துக்கு: கணக்கை மூடுங்கள், பாக்கியை அனுப்புங்கள். வாடிக்கையாளர் எப்போது விலகினாலும் அபராதமின்றி ஏழு வேலை நாளுக்குள் அவருடைய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய விதியில் இருக்கிறது, என் ஒப்பந்தத்திலும் இருந்தது. ஆறாவது வேலை நாள் 2,560 டாலர் வந்தது. கூடவே என் வங்கியில் அவர்களுக்குக் கொடுத்திருந்த தானியங்கிப் பற்று அனுமதியை ரத்து செய்தேன். இதை முதலில் செய்யுங்கள், கடிதம் அப்புறம்.

இரண்டாவது கடிதம் கம்பெனிக்கும் சட்ட அலுவலகத்துக்கும். ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், 2,480 டாலரைத் திருப்பித் தாருங்கள், மாநிலச் சட்டத்தின் இன்ன பிரிவின்படி உங்களுக்கு லைசென்ஸ் இல்லை. ஒரு பக்கம்தான், பதிவுத் தபாலில். பதினோராம் நாள் பதில் வந்தது: நாங்கள் அளித்தது சட்ட சேவை, கட்டணம் திரும்பாது. அதன் நகலை இணைத்து மூன்றாவது கடிதத்தை வங்கி மற்றும் காப்பீட்டுத் துறைக்குப் புகாராக அனுப்பினேன். மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவுக்கும் ஒரு பிரதி. ஏழு வாரத்தில் கம்பெனியே அழைத்தது. குரல் மாறியிருந்தது. 2,100 டாலர் தருவதாகச் சொன்னார்கள். இதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தேன். அப்படியும் பணம் வந்தது. மீதி 380ஐ நான் துரத்தவில்லை.

வழக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சம்மனுக்கு 35 நாளுக்குள் பதில் போடாவிட்டால் வங்கி கேட்ட தொகைக்கு அப்படியே தீர்ப்பாகிவிடும். அப்புறம் சம்பளத்தில் பிடித்தம். பதில் தாக்கல் செய்வதற்கான படிவம் கோர்ட் இணையதளத்திலேயே இருக்கிறது. நான் வக்கீல் வைக்கவில்லை. கடன் வாங்கியது உண்மை, தொகையைக் கணக்கோடு காட்டுங்கள் என்ற அளவில் எழுதி 29ஆம் நாள் தாக்கல் செய்தேன். ஜூலையில் ஜூமில் சமரச அமர்வு. வங்கியின் வக்கீல் பத்து நிமிடம் பேசினார். 11,000 டாலருக்கு முடிந்தது. கையில் 3,000, பிறகு மாதம் 500 வீதம் 16 மாதம். எட்டு மாதம் காசு வாங்கிக்கொண்டு கம்பெனி செய்யாததை ஒரு படிவத்தோடும் ஒரு வீடியோ அழைப்போடும் நானே செய்துகொண்டேன். உங்கள் கடனை நீங்களே நேராக அழைத்துப் பேசலாம் என்பதை அவர்கள் சொல்லவே மாட்டார்கள்.

மற்ற மூன்று கார்டுகளும் கிரெடிட் கவுன்சிலிங் திட்டத்துக்குள் போயின. இதில் அசலை யாரும் தள்ளுபடி செய்வதில்லை, வட்டியைத்தான் குறைக்கிறார்கள். ஒன்றில் அறவே நிறுத்திவிட்டார்கள். மூன்றும் வளர்ந்து 27,900 ஆகியிருந்தன. மாதம் 540, அதோடு 25 டாலர் கட்டணம், 60 மாதம். கார்டுகளை மூடிவிட்டார்கள். கிரெடிட் அறிக்கையில் கட்டாமல் விட்ட மாதங்களின் கறை ஏழு வருடம் இருக்கும்.

வரி விஷயம் ஒன்று உண்டு. 600 டாலரோ அதற்கு மேலோ கடன் தள்ளுபடியானால் கடன் கொடுத்தவர் 1099-சி என்ற படிவத்தை உங்களுக்கும் வருமான வரித் துறைக்கும் அனுப்புவார். தள்ளுபடியான தொகை உங்கள் வருமானமாகக் கணக்காகும். 2025 ஜனவரியில் எனக்கு 5,800 டாலருக்கு அது வந்தது. தள்ளுபடி ஆகும் தருணத்தில் உங்கள் கடன் உங்கள் சொத்தை விட எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்கு விலக்கு உண்டு. அதற்கு 982 என்ற படிவம். 401கே ஓய்வூதியச் சேமிப்பையும் சொத்தில் சேர்க்க வேண்டும். எனக்கு 4,300 விலக்காயிற்று, 1,500க்கு வரி கட்டினேன். கம்பெனியின் "பாதிக்கு முடிக்கிறோம்" பேச்சில் இந்த வரி ஒரு தடவைகூட வந்ததில்லை.

இனி லைசென்ஸை எடுத்துவிடலாம் என்ற பேச்சுக்கு வருகிறேன். என் கல்லூரி நண்பன் ஒருவன் இங்கே வேறொரு மாநிலத்தில் சிறு தொழில் நடத்துகிறான். அவனுக்கு லைசென்ஸ் என்றாலே ஆகாது. முடி பின்னிவிடுவதற்குக்கூட ஆயிரம் மணி நேரப் பயிற்சி கேட்ட மாநிலங்கள் இருந்திருக்கின்றன, அதே கதைதான் இதுவும் என்கிறான். மத்திய விதி முன்பணத்தைத் தடுத்துவிட்டது, மாநிலத்துக்கு மாநிலம் தனி லைசென்ஸ் என்றால் சின்னக் கம்பெனிகள் வர முடியாது, போட்டி குறையும், கட்டணம் ஏறும் என்பது அவன் வாதம். முடி பின்னுவதைப் பொறுத்தவரை அவன் சொல்வது சரி. பின்னல் நன்றாக இல்லை என்றால் அன்றைக்கே கண்ணாடியில் தெரியும், அடுத்த தடவை வேறு கடைக்குப் போகலாம். கடன் விஷயத்தில் தப்பு தெரிய எட்டு மாதம் ஆகிறது, தெரியும்போது கையில் சம்மன் இருக்கிறது. பணமும் முழுக்க அவர்கள் ஏற்பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளரோ, பேரம் பேசும் தெம்பே இல்லாத நேரத்தில் வருகிறவர். எனக்குக் கடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் மனநிலை 2022இல் இல்லவே இல்லை.

மத்திய விதி போதும் என்பதற்கு என் வீட்டுச் சமையலறையே பதில். 25 நிமிடத்தில் அதைச் சுற்றிப் போய்விட்டார்கள். ஃபெடரல் டிரேட் கமிஷன் தனி ஆளின் புகாரை எடுத்துத் தீர்த்துவைப்பதும் இல்லை. புகார்களைச் சேர்த்து, போக்கைப் பார்த்து, பெரிய வழக்குப் போடும். அது தேவையான வேலைதான், ஆனால் என் 2,480 டாலருக்கு அங்கே இடமில்லை. சிஎஃப்பிபி என்ற நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறதே என்றால், 2025 பிப்ரவரியில் அதன் ஊழியர்களுக்கு வேலையை நிறுத்தச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. ஒரு தேர்தலில் வாஷிங்டனில் ஒரு கதவு சாத்தப்படலாம். அப்போது மாநிலத்தின் கதவாவது திறந்திருக்க வேண்டும்.

இது இன்று நேற்றுத் தகராறும் இல்லை. கான்சாஸ் மாநிலம், வழக்கறிஞர்கள் தவிர யாரும் கடன் தீர்க்கும் தொழில் செய்யக் கூடாது என்று சட்டம் போட்டது. கிரெடிட் அட்வைசர்ஸ் என்ற பெயரில் அதைச் செய்துவந்த ஸ்குருப்பா என்பவர், என் பிழைப்பைப் பறிக்கிறார்கள் என்று வழக்குப் போட்டுக் கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார். 1963இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். இந்தச் சட்டம் புத்திசாலித்தனமானதா இல்லையா என்று முடிவு செய்வது எங்கள் வேலை இல்லை, அது சட்டமன்றத்தின் வேலை என்பது அதன் சாரம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு. எனக்கு அதில் ஒன்று பிடிபட்டது. இந்தக் கட்டுப்பாட்டை வைப்பதும் எடுப்பதும் மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. அங்கே தொழில் நடத்துகிறவர்களின் ஆட்கள் போய்ப் பேசுவார்கள். கடன்பட்டவர்கள் போக மாட்டார்கள், வெட்கம் விடாது. அதனால்தான் என் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு இந்தக் கணக்கை அப்படியே எழுதி அனுப்பினேன். பெயரைப் போட்டுத்தான்.

நியூ ஜெர்சி முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். லாப நோக்கமற்றது என்ற பலகை மட்டும் போதாது. அப்படிப் பலகை மாட்டிக்கொண்டு சம்பாதித்ததாக மேரிலாண்டின் அமெரிடெட் என்ற கிரெடிட் கவுன்சிலிங் அமைப்பின் மேல் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2003இல் வழக்குப் போட்டது. நல்ல அமைப்புகளுக்குமே கார்டு வங்கிகளிடமிருந்து ஒரு பங்கு பணம் வருகிறது. அதனால் முழு அசலையும் கட்டும் திட்டத்தின் பக்கம் அவர்கள் சாய்வது இயல்பு. மாதம் 565 டாலர் கட்ட முடியாத குடும்பத்துக்கு அங்கே வழியில்லை. அவர்கள் திவால் வழக்கறிஞரைப் பார்ப்பதே நல்லது. முதல் ஆலோசனையை இலவசமாகத் தருபவர்கள் நிறைய இருக்கிறார்கள். நம்மவர்களுக்குத் திவால் என்ற சொல்லே கெட்ட வார்த்தை. கார்டு கடன் போன்றவற்றைக் கோர்ட்டே ரத்து செய்யும் ஏழாம் அத்தியாயத் திவாலுக்குக் கோர்ட் கட்டணம் 338 டாலர். நான் கட்டவிருந்த 9,600ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாபத்துக்கு நடத்துகிறவர்களையும் லைசென்ஸ் கொடுத்து, கட்டணத்துக்கு வரம்பு கட்டி, அனுமதிக்கும் மாநிலங்கள் இருக்கின்றன. இல்லினாயின் 2010 சட்டத்தில் வாடிக்கையாளருக்கு மிச்சமாகும் தொகையில் 15 சதவீதம்தான் உச்சம். அப்படித் திருத்துவதைப் பற்றிப் பேசலாம். லைசென்ஸையே எடுத்துவிட்டால், அந்த ஆலோசகர் தட்டிப் பார்த்த பெயர்ப் பட்டியல் இருக்காது, ஜாமீன் பத்திரம் இருக்காது, என் கடிதத்தில் எழுத ஒரு பிரிவு இருக்காது.

யாராவது கேட்டால் நான் சொல்வது கொஞ்சம்தான். கையெழுத்துக்கு முன் லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள், அவர்கள் சொல்வதை நம்பாமல் மாநிலத் துறையின் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். கட்டணம் கடன் மேலா, மிச்சத்தின் மேலா என்று எழுத்தில் வாங்குங்கள். வங்கி வழக்குப் போட்டால் கோர்ட்டுக்கு யார் வருவார்கள் என்று கேளுங்கள். என் கம்பெனியின் பதில் 38ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது, "வழக்குகளில் பிரதிநிதித்துவம் சேராது". கிரெடிட் கவுன்சிலிங் அமைப்பு தேடுகிறீர்கள் என்றால், திவால் மனுவுக்கு முந்தைய ஆலோசனைக்கு அரசு அங்கீகரித்த அமைப்புகளின் பட்டியலை அமெரிக்க நீதித் துறை மாவட்ட வாரியாக வைத்திருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.

போன மாதம் வாலிபால் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். கல்யாணமாகி ஒரு வருடம்தான் இருக்கும். "அண்ணே, நீங்க ஏதோ கோர்ட்டுக்கெல்லாம் போனீங்கன்னு சொன்னாங்க. தப்பா நினைக்காதீங்க" என்றான். வியாழக்கிழமை அவன் வீட்டுக்கு நோட்டரி வருவதாக இருந்ததாம். அவன் போனிலேயே துறையின் தளத்தைத் திறந்து, கம்பெனிப் பெயரை அவனையே தட்டச் சொன்னேன். எழுத்துக்கூட்டித் தட்டினான். கீழே இழுத்தான், மேலே இழுத்தான், இன்னொரு தடவை தட்டினான்.

"இல்லண்ணே."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஆலோசகரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். அவன் மனைவியையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.